பித்தளைக் கடி

மார்ச் 3

முள்ளுக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க இந்தத் தடவை மனசு வரவில்லை. சின்ன வயதில் உனக்கு முள் என்று பெயர் வைத்தவன் நான்தான். தப்பாக வைக்கவில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்தேன். உன் வீட்டுக்குள் நுழைந்து, கைகால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, அதற்கப்புறம்தான் தொட்டில் பக்கமே போனேன். பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்தேன். நீ பால்புட்டி கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாய். பார்த்ததும் ஒரு கத்தல். “கீழ வை! வைன்னா வை!” உன் மாமியார் நிற்கிறார், மாப்பிள்ளை நிற்கிறார், அத்தனை பேர் முன்னால் திருடன் கையிலிருந்து பையைப் பிடுங்குகிற மாதிரி பிள்ளையைப் பிடுங்கினாய். அப்புறம், “உதட்டுல என்ன அது?” என்று கேட்டாய். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உதட்டில் என்ன என்று இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அதற்குப் பெயர் பித்தளைக் கடி. எங்கள் பட்டறைக்கு டிரம்பெட், டிராம்போன் என்று ஊதுகிற வாத்தியம் எல்லாம் பழுதுக்கு வரும். ஒடுக்கு எடுத்து, வால்வைச் சரிசெய்து, கடைசியில் ஊதிப் பார்த்துத்தான் கொடுப்போம். நாளெல்லாம் பித்தளையை உதட்டில் வைத்து அழுத்தினால் உதட்டோரம் கொப்புளம் போடும். கொஞ்ச நாள் எரியும், பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி வரும். எனக்கு மட்டுமா வருகிறது? முதலாளிக்கு உண்டு. என் பக்கத்து மேஜையில் இருக்கிற நெட்டையனுக்கு உண்டு. நீ சர்வேயர் வேலையில் வயல் வரப்பெல்லாம் சங்கிலி இழுத்து அளக்கிறாயே, உன் உள்ளங்கையில் காய்ப்பு இல்லையா? அந்தக் கையால்தானே பிள்ளையைத் தூக்குகிறாய்? காய்ப்பு யாருக்காவது ஒட்டியிருக்கிறதா?

நீ பட்டறைக்கு இரண்டு தடவை போன் செய்தாயாம். நான் வேலையாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னது நான்தான். பேசினால் கத்துவேன். கத்துகிற அளவுக்கு வாயைத் திறக்க உதடு இடம் கொடுக்கவில்லை.

எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, இனி ஆகப்போவதும் இல்லை. எனக்கென்று இருக்கிறது உன் பிள்ளை ஒன்றுதான். அதை என் கையிலிருந்து பிடுங்கினாய். இனி நான் அந்தப் பக்கம் வருவதாக இல்லை.

உன் அண்ணன்

*

மார்ச் 6, விரைவுத் தபால்

அண்ணா,

உன் கடிதத்துக்குச் சொல்ல வேண்டிய பதில் நிறைய இருக்கிறது. அதெல்லாம் கிடக்கட்டும். இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் அடுத்த வரியைப் படித்துவிட்டுக் கிழி.

குழந்தைக்கு எங்கே முத்தம் கொடுத்தாய்?

நான் திரும்பியபோது உன் முகம் அதன் பக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருந்தது. எங்கிருந்து எழுந்தது என்று நான் பார்க்கவில்லை. வாயா, கன்னமா, நெற்றியா, கையா? கொடுக்கவே இல்லை என்றால் அதை எழுது. என் வேலையில் பார்க்காத அளவை ஊகித்து எழுதினால் பக்கத்து நிலத்துக்காரன் கோர்ட்டுக்குப் போய்விடுவான். ஊகிக்க எனக்குப் பழக்கமில்லை.

ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பிரசவமான வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற நர்ஸ் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். நீ வருவதற்கு முதல் நாள்தான் அவர் சொல்லிவிட்டுப் போனார்: “உதட்டோரம் கொப்புளம் வெச்சிருக்கிறவங்க யாரும் குழந்தைக்கு முத்தம் குடுக்கக் கூடாதும்மா. அது ஒரு வைரஸ். ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கும், நமக்கு அது வெறும் புண்ணு. பொறந்து மாசம் ஆகாத குழந்தைக்கு மூளை வரைக்கும் போயிடும்.” மறுநாள் நீ அந்த உதட்டோடு நிற்கிறாய். அந்த நேரத்தில் எனக்குக் கத்தத்தான் வந்தது.

நேற்று அந்த நர்ஸ் மறுபடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. “எங்க குடுத்தாருன்னு கேட்டீங்களா?” என்றார். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதை வைத்து இப்போது எதுவும் சொல்ல முடியாதாம். காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

நான் கத்தியது தப்பு. பிடுங்கியது தப்பில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதே.

பட்டறைக்கு மறுபடி போன் செய்தேன். “ஊதிட்டு இருக்காரு, வர முடியாது” என்று வைத்துவிட்டார்கள். அதனால்தான் விரைவுத் தபால். தந்தியில் பதில் கொடு.

உன் தங்கை

*

தந்தி, மார்ச் 7

நெற்றியில். வலது கையில். வாயில் இல்லை. சத்தியம். அண்ணன்.

*

மார்ச் 8

முள்ளு,

தந்தி வந்திருக்கும். தந்தி ஆபீஸில் இருந்தவர் வார்த்தைகளை எண்ணிவிட்டு, “என்ன சார், காதல் விவகாரமா?” என்று கேட்டார். காசைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நெற்றி நிச்சயம். முதலில் நெற்றி. அப்புறம் அது கையை மூடி வைத்துக்கொண்டிருந்ததா, அந்த மூடின கையை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டேன். வலது கை. நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் கையை எங்கே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கே அதைக் கழுவினாயா?

பயத்தில் எழுதுகிறேன் என்று நினைத்து, நீ சொல்வதை நான் ஒப்புக்கொண்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாய். சொல்லிக்கொள். ஆனால் என் பக்கத்தையும் கேள். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சேர்ந்த புதிதில் எனக்கு உதடு சுத்தமாக இருந்தது. ஊத ஆரம்பித்த பிறகுதான் வந்தது. நெட்டையனுக்கும் அப்படித்தான். முதலாளி எங்களுக்குச் சொன்னது, “பித்தளை கடிச்சாத்தான்டா தொழில் பிடிபடும்.” கணக்கு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார், வாத்தியத்தைத் தொடவே மாட்டார். அவருக்கு இல்லை. பித்தளையால் வருவதில்லை என்றால், பித்தளையைத் தொடாதவருக்கு மட்டும் ஏன் இல்லை? இதற்கு உன் நர்ஸ் என்ன சொல்வார்?

பழுதுக்குக் கொடுப்பவர்கள் உதட்டில் வைத்து ஊதுகிற அந்தச் சின்னக் கிண்ணத்தை, மவுத்பீஸை, கூடக் கொடுக்க மாட்டார்கள். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறும் வாத்தியத்தைத்தான் கொடுப்பார்கள். அதனால் பட்டறைக்கென்று ஒன்று வைத்திருக்கிறோம். ஆணியில் கயிற்றில் தொங்கும். பொதுவாய் என்று அதற்குப் பெயர். யாருக்கு வேண்டுமோ எடுத்து, சட்டையில் துடைத்து, மாட்டி ஊதிவிட்டுத் திரும்பத் தொங்கவிடுவோம். நல்ல கனமான பழைய பித்தளை. அது கடிக்காமல் வேறு எது கடிக்கும்?

பிள்ளை எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. பட்டறைக்குப் போன் செய்தாலும் வந்து எடுக்கிறேன்.

அண்ணன்

*

மார்ச் 11, ஆஸ்பத்திரி

அண்ணா,

உன் கடிதத்தை வீட்டிலிருந்து உன் மாப்பிள்ளைதான் எடுத்துவந்து இங்கே கொடுத்தார். நேற்று முன்தினம் விடியும்போது குழந்தைக்கு உடம்பு சுட்டது. பால் வைத்தால் வாயைத் திருப்பிக்கொண்டது. உடனே கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். ரிசல்ட் வர நாளாகும், அதுவரை காத்திருக்க முடியாது, அந்த வைரஸுக்கான மருந்தை இப்போதே நரம்பில் ஏற்றுகிறோம் என்றார் டாக்டர். ஏற்றுகிறார்கள். கையில் நரம்பு கிடைக்கவில்லை என்று தலையில் ஊசியை வைத்திருக்கிறார்கள். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கை கழுவ ஒரு தொட்டி. தொட்டிக்கு மேல் சோப்பு போட்டு எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. என் கை வெளுத்துவிட்டது.

வலது கையை அன்றைக்குக் கழுவவில்லை. எனக்குத் தோன்றவில்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. ஆனால் என்மேல் இருக்கிற கோபம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதால் உனக்கு அதிகம் மிஞ்சவில்லை.

இங்கே உட்கார்ந்து குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தால் புத்தி பேதலித்துவிடும். அதனால் உன் வாதத்தை எடுத்து அளந்து பார்த்தேன். கணக்கு எழுதுகிறவருக்கு இல்லை என்கிறாய். அவர் பித்தளையைத் தொடுவதில்லை, சரி. பொதுவாயையும் தொடுவதில்லை. இரண்டில் எது காரணம் என்று அவரை வைத்துச் சொல்ல முடியாது. பித்தளையை உதட்டில் வைத்து நாளெல்லாம் ஊதுகிறவர், ஆனால் பொதுவாயைத் தொடாதவர் ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தினமும் உன் பட்டறை வாசலுக்கு வருகிறார்களே? வாத்தியம் வாசிக்கிறவர்கள். உன்னைவிட அதிகம் ஊதுகிறவர்கள். தங்கள் மவுத்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள். அவர்கள் உதட்டைப் பார்த்து எழுது.

டாக்டர் சொன்ன மற்றதையும் எழுதிவிடுகிறேன். ஒருமுறை வந்துவிட்டால் அது உடம்பைவிட்டுப் போகாதாம். நரம்புக்குள் படுத்துக்கொள்ளும். களைத்தால், வெயிலில் அலைந்தால், காய்ச்சல் கண்டால் எழுந்து வரும். கொப்புளம் தெரிவதற்கு முன்பே அந்த இடத்தில் குறுகுறுவென்று இருக்குமாம், அப்போதே ஒட்டுமாம். பொருக்கு உதிர்ந்து தோல் பழையபடி ஆகும்வரை ஒட்டும். புண்ணைத் தொடாதே, தொட்டால் கை கழுவு. டம்ளர், துண்டு, சவரக்கத்தி எல்லாம் தனியாக வைத்துக்கொள். யாராவது குழந்தையோடு வந்தால் வாயில் துணி கட்டிக்கொள்.

குழந்தை இப்போது தூங்குகிறது.

தங்கை

*

மார்ச் 16

முள்ளு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. தலையில் ஊசி என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டிப் போகவே எனக்கு நேரமாயிற்று.

நீ சொன்னபடி பார்த்தேன். இந்த இரண்டு நாளில் வாத்தியம் வாங்க வந்தவர்கள், கொடுக்க வந்தவர்கள் எல்லோருடைய உதட்டையும் முறைத்து முறைத்துப் பார்த்தேன். ஒரு கிளாரினெட்காரர், “என்னங்க, கடன் குடுத்த மாதிரி பாக்குறீங்க?” என்றே கேட்டுவிட்டார். ஒருத்தருக்கு இருந்தது. மற்றவர்கள் எல்லோருக்கும் உதடு சுத்தம். முப்பது வருஷமாக டிராம்போன் வாசிக்கிற ஒரு பெரிய மனிதர் வருவார். உதடு தடித்துக் காய்த்துப்போயிருக்கிறது, கொப்புளம் ஒன்று வந்ததில்லை என்கிறார். பித்தளைக் கடி என்றேன், அவருக்குப் புரியவில்லை. “அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லையே. என் மவுத்பீஸை என் பொண்டாட்டிகூடத் தொடமாட்டா.”

அப்புறம் எனக்கு வாதாட ஒன்றும் இல்லை. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு வியாதிக்கு நாங்களே பெயர் வைத்து, அதில் பெருமையும் பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். இத்தனை வருஷமாக ஒருத்தர் எச்சிலை ஒருத்தர் ஊதியிருக்கிறோம்.

பொதுவாயை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டார். “எங்கடா அது?” என்றார். இனி ஆளுக்கு ஒன்று தனியாக வேண்டும், ஊதி முடித்ததும் வெந்நீரில் போட வேண்டும் என்றேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். “முப்பது வருஷமா இதைத்தான் ஊதறோம், செத்தா போயிட்டோம்?”

“நாம சாகலைங்க. நாம சாகுற மாதிரி இதுல ஒண்ணும் இல்ல” என்றேன்.  தங்கை பிள்ளை தலையில் ஊசியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்றேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு அவருக்கு. ஆனால் நெட்டையன் ஊதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்த் தன் காசில் ஒரு மவுத்பீஸ் வாங்கிவந்து டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டான். மறுநாள் நானும் வாங்கினேன். முதலாளி இன்னும் வாங்கவில்லை, ஆனால் எங்களுடையதைக் கேட்பதும் இல்லை. ஊதிப் பார்க்கிற வேலையை எங்கள் பக்கம் தள்ளிவிடுகிறார்.

நான் அங்கே வரலாமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மூலையில் நிற்கிறேன், உள்ளே வரமாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்த உரிமை இப்போது எனக்கு இல்லை.

அண்ணன்

*

மார்ச் 19

அண்ணா,

வைரஸ் இல்லை.

முதுகு நீரில் இல்லை, ரத்தத்தில் இல்லை. சிறுநீரில் வேறு ஏதோ கிருமி இருந்திருக்கிறது, காய்ச்சல் அதனால் வந்ததாம். அதற்கு வேறு மருந்து, அது சுலபமானது. காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று காலை பால் குடித்துவிட்டு என் சட்டை முழுக்கக் கக்கியது. கக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாளை வீட்டுக்குப் போகிறோம்.

அப்படியானால் நான் பயந்ததெல்லாம் வீண் என்று நீ எழுதக்கூடும், எழுதாதே. டாக்டரிடம் அதையேதான் கேட்டேன். “வீண் இல்லம்மா, இந்தத் தடவை தப்பிச்சீங்க. போன வருஷம் இதே அறையில ஒரு குழந்தை தப்பிக்கல” என்றார். அந்தக் குழந்தைக்கு முத்தம் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

வராந்தாவுக்கு வரவேண்டாம் என்று அப்போதே எழுத நினைத்தேன். எழுதாமல் இருந்ததும் ஒரு பதில்தான். இப்போது எழுதுகிறேன்: உதடு சரியாகிவிட்டதா? சரியாகியிருந்தால் வா. அப்படியே கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும், வாயில் துணி கட்டி, கை கழுவி, முத்தம் கொடுக்காமல் தூக்கலாமாம். கேட்டு வைத்திருக்கிறேன்.

முதலாளிக்கு ஒரு மவுத்பீஸ் நீயே வாங்கிக் கொடு. கௌரவம் தடுக்கும்போது இன்னொருத்தர் வாங்கிக் கொடுத்தால்தான் மனிதர்கள் மாறுவார்கள்.

தங்கை

*

மார்ச் 27, ரயில் நிலையம்

முள்ளு,

காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஊர் ரயில் நிலையம்தான். திரும்பிப் போகிற வண்டிக்கு நேரமிருக்கிறது.

உதடு சுத்தமாகிவிட்டது, பொருக்கு உதிர்ந்து அடையாளமே இல்லை. லீவு கேட்டேன், முதலாளி கேள்வி கேட்காமல் கொடுத்தார். நீ சொன்னபடியே அவருக்கு ஒரு மவுத்பீஸ் வாங்கிக் கொடுத்திருந்தேன், “எதுக்குடா வீண் செலவு” என்று திட்டிக்கொண்டே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுச் சட்டை எடுத்துக்கொண்டேன். வண்டியில் கூட்டம், ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வந்தேன். காலையில் இறங்கி வெயிலில் உன் தெரு வரைக்கும் நடந்தேன். மருந்துக்கடையைத் தாண்டி, தையற்கடையைத் தாண்டி, உன் வீட்டுக் கேட்டில் கையை வைத்தேன். அப்போது உதட்டில் இடது ஓரத்தில் குறுகுறுவென்றது.

பிரமை என்றுதான் முதலில் நினைத்தேன். தூக்கமில்லை, வியர்வை, ஏதாவது பூச்சி என்று ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே பிள்ளை அழுதது. நீ ஏதோ சொன்னாய், என்ன என்று கேட்கவில்லை, அழுகை நின்றது.

துணி கட்டிக்கொண்டு வரலாம் என்று நீ எழுதியது ஞாபகம் இருந்தது. கைக்குட்டைகூடப் பையில் இருந்தது. ஆனால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும். போன தடவை முத்தம் கொடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டா கொடுத்தேன்? தூக்கினேன், கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை இத்தனைக்கும் அப்புறம் கையில் எடுத்தால் துணி என்ன செய்யும், அவிழ்த்துவிட மாட்டேனா? நெஞ்சில் கை வைத்து மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சொல்லிவிட்டுப் போகலாம் என்றால், நீ வெளியே வந்துவிடுவாய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் வருவாய். கேட்டைத் திறக்காமலே திரும்பிவிட்டேன். ரயில் நிலையத்து முகம் கழுவுகிற இடத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. பார்த்தேன். ஓரத்தில் சிவந்து தடித்துக்கொண்டு வருகிறது. பிரமை இல்லை.

மறுபடி எப்போது லீவு கிடைக்கும் என்று தெரியவில்லை. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வண்டி வந்துவிட்டது.

அண்ணன்

*

மார்ச் 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து இரண்டு தடவை படித்தேன். மாமியார் எதிரில் உட்கார்ந்து குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அன்று நான் உன்னிடமிருந்து பிடுங்கியதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு உன்மேல் பாவம், என்மேல் வருத்தம். அதை அவர் மறைப்பதில்லை.

“உங்க அண்ணனா? என்னவாம்? அன்னிக்கப்புறம் பிள்ளையப் பாக்க வரவே இல்லையே” என்றார்.

“வந்தாங்க அத்தை. வெள்ளிக்கிழமை.”

“எப்ப? நான் வீட்லதான இருந்தேன்?”

“கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.”

அத்தை துணியைக் கீழே வைத்தார். நானும்தான் வைத்தேன், கடிதத்தை. அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

“ராத்திரி பூரா ரயில்ல வந்துட்டு, வாசல்ல நின்னுட்டு, பிள்ளை முகத்தைக்கூடப் பாக்காம போவாங்களா? இவன் என்ன மாமன்?”

 எழுந்து தொட்டிலுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். 

“அவன்தான் அத்தை மாமன்” என்றேன்.

தங்கை